குன்னூர் கோட்ட அலுவலகத்தின் உண்மை நகல்

பேரிடர் என்பது முன்னறிவிப்பு இல்லாமல், உரிய படிவத்தில் விண்ணப்பிக்காமல், அலுவலக நேரத்தைப் பற்றிக் கொஞ்சமும் அக்கறையில்லாமல் வந்துவிடக்கூடியது என்பதை மலைத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு நலக் கழகம் ஒரு நாள் மிகுந்த கவலையோடு உணர்ந்தது. உணர்ந்த இடம் சென்னை. கவலைப்பட வேண்டிய இடம் குன்னூர். ஆகவே சென்னையிலிருந்து குன்னூர் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. மழையோ மண்சரிவோ அலுவலகத்தையே வாரிக்கொண்டு போனாலும் மக்கள் பணி ஒரு நொடி கூட நிற்கக் கூடாது, அதனால் ஒவ்வொரு அலுவலகமும் தன் கம்ப்யூட்டர்களுக்கும் இணைப்புகளுக்கும் க்ளவுடில் ஒரு நகல் நெட்வொர்க் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

மழை இல்லாத நாளில் மக்கள் பணி ஏன் நிற்கிறது என்பது பற்றிச் சுற்றறிக்கையில் எதுவும் இல்லை. அது வேறு பிரிவின் வேலை.

அந்த வருஷம் மலை முழுக்க இதே காய்ச்சல்தான். பள்ளிக்கூடம் நகல் எடுத்தது, லாட்ஜ் நகல் எடுத்தது. வர்க்கி சுடுகிற பேக்கரிக்காரர் ஒருவர் "எங்கள் பக்குவம் க்ளவுடில் பத்திரம்" என்று கடை வாசலில் போர்டே மாட்டிவிட்டார். நகல் இல்லாத ஆபீஸ் என்றால் மப்ளர் இல்லாமல் மார்கழியில் தெருவுக்கு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் தனபாக்கியம் முதல் வரிசையிலிருந்து பார்த்தாள். கோட்ட அலுவலகத்தில் மனுக்காரர்கள் உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான். அதில் சுவரோரத்து இடம் அவளுடையது. மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் பெஞ்சுக்கு ஒரு கால் மாதிரி ஆகிவிட்டாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி வந்தவள். வெள்ளிக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, கூடை சுமந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். புருஷன் இல்லை. மகள் திருப்பூர் மில்லில். இருப்பது எஸ்டேட் லயத்தில் ஒற்றைக் காம்பிரா. வரிசை வீட்டில் ஓர் அறை, அவ்வளவுதான். அதன் பின்சுவர் மலைச்சரிவைத் தாங்கித் தாங்கிக் களைத்துப்போய் உள்பக்கமாகத் தொந்தி தள்ளியிருந்தது. அடுத்த பெருமழைக்கு அது நிற்காது என்று அவளுக்குத் தெரியும், அந்தச் சுவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் கழகம் சாமித்திட்டு மேட்டில் வீடு கட்டியிருந்தது. தனபாக்கியத்துக்குப் பன்னிரண்டாம் எண் வீடு. ரோஸ் கலர் சுவர், ஓர் அடுக்களை, தண்ணீர்க் குழாய். அவள் இரண்டு தடவை போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டும் வந்தாள். வாசலைக் கூடப் பெருக்கிவிட்டு வந்தாள். பூட்டுத்தான் குறுக்கே நின்றது. அதன் சாவி கோட்ட அலுவலர் ரவிச்சந்திரனின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. பெஞ்சிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

"சாவி அங்கனதான தொரை தொங்குது?" என்று கேட்டாள். எஸ்டேட் பழக்கம், நாற்காலியில் இருப்பவர் யாரானாலும் அவளுக்குத் தொரைதான்.

"தொங்குதுங்கம்மா. இல்லைன்னு நான் சொன்னனா?" என்றார் ரவிச்சந்திரன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். குளிர் ஒத்துக்கொள்ளாது. வருஷம் பூராவும் குரங்குக் குல்லா போட்டிருப்பார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"எடுத்துக் குடுத்தா போச்சு."

"எடுத்துக் குடுக்கறதுக்குக் கம்ப்யூட்டர்ல உத்தரவு வரோணும். கம்ப்யூட்டரை இப்பப் பேரிடர்ல இருந்து காப்பாத்திட்டு இருக்கறோம். காப்பாத்தி முடிக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. ஃப்ரீஸ் பண்ணியாச்சு."

"மழைக்கு முன்னுக்கு முடிஞ்சிருங்களா?"

"மழைக்காகத்தானுங்கம்மா இத்தனையும் பண்றதே!"

தனபாக்கியம் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

காப்பாற்றும் வேலையைக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. அங்கிருந்து ஸ்ரீஹரி என்ற இளைஞன் லேப்டாப்போடு வந்தான். உதவியாளர் ஜெயஸ்ரீ பாதி பின்னிய ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு இஞ்சி டீ கொடுத்தாள். நல்ல பையன். படித்ததை அப்படியே நம்புகிறவன். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

"சார், ரொம்ப சிம்பிள்" என்று தொடங்கினான். "இங்க வயர் இழுத்துக் கம்ப்யூட்டரை எல்லாம் சேர்த்திருக்கீங்கல்ல? அதே மாதிரி ஒரு நெட்வொர்க்கை வயரே இல்லாம மும்பையில இருக்கற பெரிய மெஷினுக்குள்ள அமைக்கிறோம். அதுக்குப் பேரு விர்ச்சுவல் நெட்வொர்க். இங்க ஏதாச்சும் ஆச்சுன்னா வேலை பூராவும் அங்கிருந்து ஓடும்."

"அங்க பியூன் யாரு?"

"பியூன் தேவையில்லைங்க சார்."

ரவிச்சந்திரன் குல்லாவைக் கழற்றி மாட்டினார். பியூன் இல்லாத அலுவலகம் என்பது அவருக்கு முதல் அதிர்ச்சி.

"ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்குங்க சார், கதவு நம்பர் மாதிரி" என்றான் ஸ்ரீஹரி. "இந்த ஆபீசுக்கு ஒரு வரிசை. மும்பையில போடறதுக்கு வேற வரிசை போட்டுருவோம். அப்பத்தான் ரெண்டையும் இணைக்கும்போது எது இங்க, எது அங்கன்னு குழம்பாது."

"வேற நம்பரா?" ரவிச்சந்திரன் நிமிர்ந்தார். "தம்பி, உங்க ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட வர்றீங்க. அசல்ல ஒரு நம்பர், ஜெராக்ஸ்ல ஒரு நம்பர். நான் உண்மை நகல்னு பச்சை மையில கையெழுத்துப் போடுவனா?"

"போட மாட்டீங்க. ஆனா இது..."

"போட மாட்டேனில்ல? அவ்வளவுதான்."

"ஆடிட்ல பிடிச்சுக்குவாங்க சார்" என்று ஜெயஸ்ரீயும் ஒத்து ஊதினாள்.

"ஒரே நம்பர் போட்டா ரெண்டையும் இணைக்க முடியாதுங்க சார்! ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் இருந்தா தபால்காரர் எங்க போவாரு?"

ரவிச்சந்திரன் சுற்றறிக்கையை எடுத்து விரலை ஓட்டினார். "நகல் எடுக்கணும்னு போட்டிருக்கு. அசலுக்கும் நகலுக்கும் போக்குவரத்து இருக்கணும்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க?"

ஸ்ரீஹரி தேடினான். போடவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று எழுதியவர் விட்டுவிட்டார் போலிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அரசாங்கக் காகிதத்தில் செல்லாது.

ஆக, அதே நம்பர்களோடு மும்பையில் ஒரு நெட்வொர்க் எழும்பியது. திரையில் அதைப் பார்த்து, நம்பர் நம்பராக ஒப்பிட்டு, ரவிச்சந்திரன் பூரித்துப்போனார். உண்மை நகல் என்று சான்றளிக்க வட்ட முத்திரையை மையில் ஒற்றி, மானிட்டர் கண்ணாடியிலேயே ஓங்கிக் குத்தினார். மை வழுக்கி வழிந்தது. பிறகு ஜெயஸ்ரீ ஒரு வெள்ளைத் தாளைத் திரையில் ஒட்டிக்கொடுக்க, அதில் குத்திக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் திரையில் எதுவும் தெரியவில்லை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்தாகிவிட்டதே!

அடுத்தது இடத்தை நேரில் பார்வையிட்டு, எடுத்த இடம் பதிவாகும்படி போட்டோ அனுப்ப வேண்டும். கழகம் கட்டும் எந்தக் கட்டடத்துக்கும் அதுதான் நடைமுறை. நகலுக்குக் கட்டடம் இல்லை என்பதால் நடைமுறையை விட்டுவிட முடியுமா? திரையைப் போட்டோ பிடித்து அனுப்பினார்கள். சென்னை உடனே ஆட்சேபித்தது. போட்டோவில் பதிவான இடம் குன்னூர். அசலும் குன்னூர், நகலும் குன்னூர் என்றால் ஒரே சரிவு இரண்டையும் அல்லவா கொண்டுபோகும்?

"லேப்டாப்பை எங்க வெச்சுப் பிடிச்சாலும் அந்த இடம்தான் சார் பதிவாகும்" என்று ஸ்ரீஹரி சொன்னான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரவிச்சந்திரன் லேப்டாப்போடும் சம்சாரத்தோடும் மும்பை போனார். கடற்கரையில் லேப்டாப்பை நிறுத்தி, பின்னால் அலை, பக்கத்தில் சம்சாரம், எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பினார். சென்னை திருப்தியடைந்தது. அவர் திரும்பி வரும்வரை தனபாக்கியம் காலி நாற்காலியையும் அதற்குப் பின்னால் தொங்கிய சாவியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எட்டு எடுத்து வைத்தால் கைக்கு எட்டிவிடும். ஆனால் பயம். வாழ்நாள் முழுக்க, எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்வரை நின்றே பழகியவள், கூப்பிடாமல் எப்படிப் போவாள்?

மேகமெல்லாம் கீழே இறங்கத் தொடங்கிய மாதத்தில் ஒத்திகைக் கட்டம் வந்தது. பேரிடர் வந்தால் நகல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு பேரிடர் வேண்டும். கோட்ட அலுவலருக்குத் தானாகப் பேரிடர் அறிவிக்க அதிகாரம் கிடையாது. எனவே அதைக் கவனிக்கும் மேலிடத்துக்கு, "நடுத்தர அளவில் ஒரு பேரிடர் வழங்கி உதவுமாறு" எழுதிக் கேட்டார். "தற்சமயம் கைவசம் இல்லை. வரப்பெற்றதும் தெரிவிக்கப்படும்" என்று பதில் வந்தது.

வரும்போது வரட்டும், நாம் தயாராக இருப்போம் என்று அசலைப் பூட்டி நகலை ஓட விட்டார்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே ஊருக்கு இரண்டு அலுவலகம் என்று கேள்வி வரும் அல்லவா? ஜெயஸ்ரீ தன் கம்ப்யூட்டரில் தனபாக்கியத்தின் பெயரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது.

"வராதுங்க மேடம்" என்றான் ஸ்ரீஹரி சோர்வாக. "அந்த நம்பர் பக்கத்து ரூம்லயே இருக்குன்னு நெனச்சு இது அங்கயே போய்த் தேடுது. பக்கத்து ரூம்ல இருக்கறதைத்தான் நாம பூட்டியாச்சே."

"அப்ப நகல்?" என்றார் ரவிச்சந்திரன்.

"நகல் மும்பையில ஜோரா ஓடிட்டிருக்குங்க சார். நாமதான் அதுகிட்டப் போக முடியாது."

தனபாக்கியம் பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தொரை இப்போது கத்துவார், பையனை ஏசுவார், தப்பு தெரிந்துவிடும், உத்தரவு வந்துவிடும் என்று நினைத்தாள். ரவிச்சந்திரனின் முகமோ மலர்ந்துகொண்டே போயிற்று.

"நம்மளாலயே போக முடியலைன்னா பேரிடர் எப்படித் தம்பி போகும்? இத்தனை பாதுகாப்பா எந்தக் கோட்டத்துலயாச்சும் இருக்குதா?"

அன்றே சென்னைக்கு அறிக்கை போயிற்று.

தனபாக்கியம் பெஞ்சை விட்டு எழுந்தாள். "ஏன் தாயி, நான் எங்க போய்ப் படுக்க? வானம் இருட்டிக்கிட்டு வருதே" என்று ஜெயஸ்ரீயிடம் போய் அழுதாள்.

"உங்க பேரு அங்க பத்திரமா இருக்குங்கம்மா, அழுவாதீங்க" என்று ஜெயஸ்ரீ தேற்றினாள். பேர் மும்பையில் நனையாமல் இருந்தது. ஆள்தான் இங்கே.

மழை வந்தது. சும்மா மழையா அது! இரண்டு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, பர்லியார் பக்கம் ரோட்டை மூடி, மின்சாரத்தைக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோட்ட அலுவலகத்தின் பின்சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் அடியில்லை. பூட்டி வைத்திருந்த அசல், செம்மண்ணுக்குள் போய்விட்டது. அதே மத்தியானம் வெள்ளிக்காட்டில் தனபாக்கியத்தின் காம்பிராச் சுவரும் தன் கடமையை முடித்துக்கொண்டது. முன்பக்கம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். திங்கட்கிழமை காலையில் துணிமூட்டையும் சட்டியுமாக நேரே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"தொரை, சுவரு விழுந்திருச்சு. நிக்க எடமில்ல" என்றாள்.

ரவிச்சந்திரன் இடிபாடுகளுக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். "வந்துருச்சு பார்த்தீங்களாம்மா! நடுத்தர அளவுதான், கேட்ட மாதிரியே. தம்பி, நகலை இறக்குங்க!"

ஸ்ரீஹரி சேற்றில் நின்றபடி சொன்னான். "இப்பவும் இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுல இருந்தும் போக முடியாதுங்க சார். எல்லாத்துக்கும் பழைய நம்பர். புதுசா ஓர் இடம் வேணும். சுவரு நல்லா இருக்கணும், கரண்டு இருக்கணும், மேட்டுல இருக்கணும். அங்க வேற வரிசை நம்பர் போட்டு ஆரம்பிச்சா நகலை எட்டிப் பிடிச்சிரலாம்."

"மேட்டுல..." என்று ரவிச்சந்திரன் யோசித்தார். கண் மெதுவாகத் திரும்பி, நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஆணிக்குப் போயிற்று. தனபாக்கியத்தின் கண்ணும் கூடவே போயிற்று. முன்பாதிக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணி உறுதியாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் கோட்ட அலுவலகம் சாமித்திட்டு பன்னிரண்டாம் எண் வீட்டுக்குக் குடிபோயிற்று. அடுக்களையில் ஜெயஸ்ரீயின் மேசை. ரோஸ் கலர் சுவரில் ஆணி அடித்துக் காலண்டர். புது நம்பர் போட்டதும் மும்பை நெட்வொர்க் உடனே கிடைத்துவிட்டது. பிரிண்டர் முனகியது. அத்தனை மாதமாக வரிசையில் முதலாவதாக நின்ற உத்தரவு முதலில் வெளியே வந்தது. சாமித்திட்டு பன்னிரண்டாம் எண் வீடு தனபாக்கியத்துக்கு இதனால் ஒதுக்கப்படுகிறது.

எல்லாரும் கைதட்டினார்கள். ரவிச்சந்திரன் தாளை இரு கையாலும் கொடுத்தார்.

"அப்ப சாவி, தொரை?"

"அது எப்படிங்கம்மா? இது இப்பப் பேரிடர் மீட்பு மையம். காலி பண்ணினா மக்கள் பணி நின்னு போகுமே."

"நான் எங்க போறது?" தனபாக்கியம் கத்தியே விட்டாள். கத்தியது அவளுக்கே புதிதாக இருந்தது.

ரவிச்சந்திரன் மரியாதைக்காரர் என்றுதான் சொன்னேனே. விதியைப் புரட்டிப் பார்த்தார். பேரிடரில் வீடிழந்தவரைக் காலியாக உள்ள அரசுக் கட்டடத்தில் தங்க வைக்கலாம் என்று இருந்தது. காலியாக இருந்த கட்டடம் எது? குன்னூர் கோட்ட அலுவலகம். ஜெயஸ்ரீ மடியிலிருந்து அதன் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

இப்படியாகத் தனபாக்கியம் ஆபீசில் குடியேறினாள். தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டதால் கோட்ட அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை இழுப்பறையில் சீரக டப்பாவும் உப்பும் வைத்தாள். ஆணியில் குடையை மாட்டினாள். வாசல் போர்டை யாரும் கழற்றவில்லை. கழற்ற உத்தரவு இல்லை.

போர்டு இருந்தால் மனுக்காரர் வருவார். நெல்லியாளத்திலிருந்து எல்லப்பன் என்ற எஸ்டேட் தொழிலாளி இரண்டு பஸ் மாறி நனைந்துகொண்டு வந்தார்.

"ஆபீஸு இங்க இல்லீங்க. என் வீட்டுல இருக்கு" என்றாள் தனபாக்கியம்.

"ஏனுங்கம்மா ஏமாத்தறீங்க? போர்டு இருக்குது, பெஞ்சு இருக்குது, நாற்காலியில நீங்க இருக்கறீங்க. இதுக்கு மேல ஆபீஸுன்னா என்னங்க?"

அவள் மண்சரிவைச் சொன்னாள், மும்பையைச் சொன்னாள், கதவு நம்பரைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் இன்னும் கெஞ்சினார். பாவம் என்று இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. அடுப்பில் சோறு வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப இணைப்பு இல்ல. நாளைக்கு வாங்க" என்றாள் கடைசியில்.

எல்லப்பன் முகம் தெளிந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த தடவை ஒரு பை வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து வேறு நாலைந்து பேர் வந்தார்கள். தனபாக்கியம் யாரையும் கடிந்து பேசுவதில்லை. இருக்கையிலிருந்து எழுந்திருப்பதும் இல்லை. நாற்காலி சுகமாகத்தான் இருந்தது. எத்தனை வருஷம் கூடை சுமந்த முதுகு!

அதற்குள் சென்னை, இந்தியாவுக்கே முன்மாதிரி என்று குன்னூர் கோட்டத்துக்குக் கேடயம் கொடுத்து, புதிதாக வாடகைக் கட்டடமும் அனுமதித்தது. இனிப் பன்னிரண்டாம் எண் வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் உத்தரவில் வட்ட முத்திரை குத்த வேண்டும். முத்திரையோ பழைய மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை ரவிச்சந்திரனே ஜீப்பில் வந்து இறங்கினார். பெஞ்சில் எல்லப்பன் இருந்தார்.

"அம்மா, சந்தோஷ சமாச்சாரமுங்க. உங்க ஊட்டை உங்களுக்கே குடுக்கப் போறோம். அந்த முத்திரை இங்கதானுங்களே இருக்குது?"

தனபாக்கியம் இழுப்பறையைத் திறந்தாள். சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் முத்திரை இருந்தது. மனசு துள்ளியது. ரோஸ் கலர் சுவர், அடுக்களை, குழாய், எல்லாம் அந்தக் கட்டைக்குள் இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடம் எது? கை இழுப்பறையை மூடியது. வாய் தானாகப் பேசியது.

"இருக்கு. இல்லைன்னு நான் சொன்னனா?"

"எடுத்துக் குடுத்தாப் போச்சுங்களே."

"எடுத்துக் குடுக்க உத்தரவு வேணுமே தொரை."

"உத்தரவு போடறதுக்குத்தானுங்கம்மா முத்திரையே!"

"அதான் சிக்கலு. நாளைக்கு வாங்க."

ரவிச்சந்திரன் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே நாற்காலி, பின்னால் பெஞ்சு, நடுவில் நிற்பது அவர். குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கால் தானாகப் பின்வாங்கியது. எல்லப்பன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீங்க புதுசுங்களா?" என்று கேட்டார் எல்லப்பன். "சுவரோரமா உக்காருங்க, அங்கதான் காத்து அடிக்காது. அம்மா தங்கமானவங்க. சொன்னா சொன்னபடி செய்வாங்க."

ரவிச்சந்திரன் சுவரோரம் உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத் தனபாக்கியத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை மாதத்துச் சிரிப்பு. அது அடங்கிய பிறகுதான், தான் பூட்டி வைத்தது தன் வீட்டை என்பது உறைத்தது. அடி பாவி மகளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சரி, இப்போது கூப்பிட்டுக் கொடுத்தால் சொன்ன வார்த்தை என்னாவது, பெஞ்சிலிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நாளைக்குக் கட்டாயம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் விடுமுறை.